பூமழை போதுமா?

சென்ற வாரம் சத்திரம் பேருந்து நிலையத்தில், திருவரங்கம் செல்லும் நகரப் பேருந்துக்காக நின்றிருந்தேன். சங்கொலி எழுப்பியபடி 108 ஆம்புலன்சு ஒன்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு விரைந்தது. உள்ளே கிடப்பவருக்காகப் பலர் உச்சுக் கொட்டினர். என் அருகில் நின்ற முதியவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேச்சுக் கொடுத்தேன். மருத்துவமனையொன்றின் அவசரப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவராம். 2004 சனவரி 23ஆம் நாள், திருவரங்கத்துத் திருமண மண்டபத்தில் பந்தல் தீப்பற்றி, மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனரே, அன்று காயமுற்றோரைத் தூக்கிய கைகள் அவருடையவை! பட்டுச் சேலை கருகிய வாடை இன்னும் மூக்கை விட்டு அகலவில்லை என்றார். உடன்பிறந்தாள் மகளின் திருமணத்திற்கும் மண்டப வாயில் வரைதான் போனாராம். பந்தலைக் கண்டதும் கால் நகரவில்லையாம்.

இதனைக் கோழைத்தனம் என்பர் சிலர். முதல் உலகப் போரிலும் அப்படித்தான் சொன்னார்கள். குண்டு முழக்கத்தில் நிலைகுலைந்த படைவீரரைப் பற்றி 1915இல் சார்லசு மையர்சு எனும் மருத்துவர் எழுதிய பின்னரும், கோழைகளென்று சிலரைச் சுட்டே கொன்றனர். வியட்நாம் போர் முடிந்த பிறகு, 1980இல்தான் அமெரிக்க மருத்துவ உலகம் இதற்குப் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய் என்று பெயரிட்டது. கண்ட காட்சி அழையாமலே திரும்பி வரும், உறக்கம் கெடும், சிறு ஓசைக்கும் உடல் பதறும். 2004 சூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகினரே, அந்தப் பிஞ்சு உடல்களைத் துணியில் பொதிந்த ஊழியர் எப்படி உறங்கியிருப்பர்?

இது தொழிலால் வந்த காயம், தோழர்களே! பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் இந்நோயைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நம் நாட்டின் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமோ, மருத்துவப் பணியில் தொற்றும் கிருமி நோயை ஏற்றது. மனக் காயத்தை ஏற்கவில்லை. கிருமி தொற்றினால் இழப்பீடு, காட்சி தொற்றினால் கைவிரிப்பு!

2020 மார்ச்சு 22இல் தட்டு தட்டச் சொன்னார்கள், தட்டினோம். மே 3இல் மருத்துவமனைகள் மீது வானூர்தியிலிருந்து பூமாரி பொழிந்தார்கள். மலர் வாடியது. 2008 முதல் ஓடும் 108 வண்டியின் ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் இன்றும் அரசு ஊழியர் அல்லர். விபத்தில் சிதைந்த உடலை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி, அடுத்த அழைப்புக்கு ஓடுகின்றனர். மனம் கலங்கினால் 14416 என்ற எண்ணை அழைக்கலாமே என்பார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. பகலெல்லாம் பிறர் அழைப்புக்கு ஓடியவன், இரவில் தானே அழைத்துத் தன் நோயைச் சொல்லவேண்டுமா? பேரிடர் கண்ட ஊழியருக்கு ஊதியத்துடன் ஓய்வும், மேலதிகாரி காதுக்கு எட்டாத மனநல ஆலோசனையும், இழப்பீட்டு அட்டவணையில் ஒரு வரியும் வேண்டும். மருத்துவ ஊழியர் சங்கங்களின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில், ஊதிய உயர்வுக்கு அடுத்த வரியாக இது இடம்பெறட்டும்.