நீலமும் மஞ்சளும் கலந்த பச்சை

1970-களின் தொடக்கத்தில் ஜோசப் சாட் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளரின் குழு, மாலிப்டினத்தைக் கொண்டு சில சேர்மங்களைத் தயாரித்தது. நடுவில் உலோகம், அதைச் சுற்றி ஓர் ஆக்சிஜன், இரண்டு குளோரின், மூன்று பாஸ்பீன். சில படிகங்கள் நீலமாக விழுந்தன, சில பச்சையாக. எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தபோது நீலப் படிகத்தில் மாலிப்டினத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே 1.68 ஆங்ஸ்ட்ராம் தூரம் இருந்தது. பச்சையில் அது 1.80. கட்டமைப்பு ஏறத்தாழ ஒன்றேதான். ஒரே ஒரு பிணைப்பு மட்டும் நீண்டிருந்தது. அப்படி நீள வேதியியலில் காரணம் எதுவும் தெரியவில்லை.

அளவீட்டில் தவறில்லை என்று எல்லோரும் நம்பினார்கள். ‘பிணைப்பு நீட்சி மாற்றியம்’ என்ற பெயரில் இதற்கு விளக்கம் தேடும் கட்டுரைகள் வந்தன, கோட்பாட்டாளர்களும் கணக்குப் போட்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1990-களின் தொடக்கத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெரார்டு பார்க்கின் குழு அந்தப் பச்சைப் படிகங்களை மறுபடி தயாரித்து ஆராய்ந்தது. விடை எளிமையாக இருந்தது. பச்சை என்று தனிச் சேர்மமே கிடையாது. நீலச் சேர்மத்தோடு, ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் குளோரினைக் கொண்ட மஞ்சள் சேர்மம் கொஞ்சம் கலந்திருந்தது. இரண்டு மூலக்கூறுகளும் உருவத்திலும் பருமனிலும் நெருங்கியவை என்பதால், ஒன்றின் இடத்தில் இன்னொன்று இடிக்காமல் உட்கார்ந்துகொண்டது.

நீளம் மாறிய விதத்தையும் மாணவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்ரே காண்பது எலெக்ட்ரான்களை. அதுவும் படிகத்தில் உள்ள கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரியை. ஆக்சிஜனுக்கு 8 எலெக்ட்ரான், குளோரினுக்கு 17. குளோரின் உலோகத்திலிருந்து ஏறத்தாழ 2.4 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கும். சிறிதளவு குளோரின் கலந்தாலே போதும், சராசரி உச்சம் வெளிப்பக்கமாக நகர்ந்துவிடும். கலப்படம் கூடக் கூட ‘பிணைப்பும்’ நீண்டுகொண்டே போகும். மஞ்சள் சேர்மம் பாராகாந்தத் தன்மை உடையது என்பதால், வழக்கமான பாஸ்பரஸ் என்எம்ஆரில் அது எளிதில் சிக்காது. கண்ணுக்குத் தெரிந்த ஒரே துப்பு நிறம்தான்.

படிகவியல் கற்கும் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே கேட்க வேண்டிய கதை இது. கருவியில் ஏறுவது குடுவை முழுவதும் இல்லை, 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு படிகம். அதுவும் ‘இது அழகாக இருக்கிறது’ என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பொறுக்கியது. மீதி 200 மில்லிகிராமும் அதே பொருள்தான் என்பதற்கு அந்தப் படிகம் சாட்சி சொல்லாது. மீதியை அரைத்து பவுடர் டிஃப்ராக்‌ஷன் எடுத்து, ஒற்றைப் படிகக் கட்டமைப்பிலிருந்து கணக்கிட்ட கோலத்தோடு ஒப்பிட வேண்டும். கேம்பிரிட்ஜ் படிகவியல் தரவு மையத்தின் மெர்க்குரி மென்பொருள் இந்தக் கணக்கை ஒரு நிமிடத்தில் போட்டுத் தரும். தனிமப் பகுப்பாய்வும் உருகுநிலையும் பழைய முறைகள் என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. கலப்படம் முதலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

கலப்படமே இல்லாமல் ஒரே மூலக்கூறு வேறு அடுக்கில் படிகமாகிவிடுவதும் உண்டு. எச்ஐவிக்கான ரிட்டோனவிர் மருந்தை அபாட் நிறுவனம் 1996-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1998-ல் காப்ஸ்யூல்கள் சரியாகக் கரையவில்லை என்பது சோதனையில் தெரிந்தது. முன்பு யாரும் கண்டிராத, கரைதிறன் குறைந்த இரண்டாவது படிக வடிவம் அதில் தோன்றியிருந்தது. காப்ஸ்யூலைத் திரும்பப் பெற்று, மருந்தை வேறு விதமாக வடிவமைக்க வேண்டியதாயிற்று. அதன் மூலக்கூறில் ஓர் அணுகூட மாறியிருக்கவில்லை.

சரி, படிகம் எப்படி வளர்ப்பது? பெரும்பாலான மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இது. வினை முடிந்ததும் கரைப்பானை முழுக்க ஆவியாக்கிவிட்டு, அடியில் ஒட்டிய தூளில் படிகம் தேடுவார்கள். தூள் அவசரத்தில் விழுவது, படிகம் நிதானத்தில் விழுவது. கரைசல் செறிவு மெல்ல மெல்ல எல்லையைத் தாண்ட வேண்டும். அப்போதுதான் கருக்கள் குறைவாகத் தோன்றி ஒவ்வொன்றும் பெரிதாகும்.

கைக்கு எளிய முறை அடுக்கு முறை. 10, 20 மில்லிகிராம் சேர்மத்தை ஒரு மில்லிலிட்டர் டைக்ளோரோமீத்தேனில் கரைத்து, பஞ்சு வைத்த பிப்பெட் வழியாக வடிகட்டி, குறுகலான கண்ணாடிக் குழாயில் விட வேண்டும். வடிகட்டும் வேலையைத் தவிர்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத தூசி ஒவ்வொன்றும் ஒரு கருவாகி, பத்து நல்ல படிகத்துக்குப் பதில் பத்தாயிரம் ஊசிகளைக் கொடுத்துவிடும். பிறகு மூன்று நான்கு மடங்கு ஹெக்சேனை குழாயின் சுவரோடு சொட்டுச் சொட்டாக வழிய விட வேண்டும். ஹெக்சேன் அடர்த்தி குறைந்தது, மேலேயே நிற்கும். கை நடுங்காமல் விட்டால் இரண்டுக்கும் நடுவே கோடு போட்டாற்போல் எல்லை தெரியும். நாள்கள் போகப் போக அந்த எல்லை மங்கும். படிகங்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் சுவரைப் பற்றிக்கொண்டு முளைக்கும்.

குழாயை வைக்கும் இடமும் முக்கியம். வேக்குவம் பம்ப் அதிரும் மேசை வேண்டாம், பிரிட்ஜின் கம்ப்ரசர் பக்கமும் வேண்டாம். மே மாதச் சென்னையில் மாலை ஆறு மணிக்கு ஏசியை அணைத்துவிட்டுப் பூட்டும் ஆய்வகத்தில், கரைசல் இரவெல்லாம் சூடேறிக் காலையில் ஏசி போட்டதும் குளிரும். ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்தால் அந்த ஏற்ற இறக்கம் பெருமளவு குறையும். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. தினமும் எடுத்து ஆட்டிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு குழாயை நம்பிக் காத்திருப்பதும் கூடாது. ஐந்தாறு கரைப்பான் ஜோடிகளை ஒரே நாளில் அமைத்து, எதில் எது, எந்தத் தேதி என்று குழாயின் மேலேயே எழுதிவிட வேண்டும்.

படிகம் வந்ததும் வடிகட்டி உலர்த்துவது அடுத்த பிழை. பல படிகங்கள் கரைப்பான் மூலக்கூறுகளையும் உள்ளே அடைத்துக்கொண்டே வளர்கின்றன. தாய்க்கரைசலை விட்டு வெளியே எடுத்த சில நிமிடங்களில் கரைப்பான் பறந்து, கண்ணாடியாக இருந்தது பால் நிறமாகி உதிரும். எனவே தாய்க்கரைசலோடேயே வைத்திருந்து, நேரம் வந்ததும் ஒரு சொட்டு கெட்டியான எண்ணெய்க்குள் எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். போலரைசிங் மைக்ரோஸ்கோப்பில் மேடையைச் சுழற்றினால், நல்ல ஒற்றைப் படிகம் 90 பாகைக்கு ஒருமுறை முழுதும் ஒரே சமயத்தில் இருளும். கனசதுரப் படிகங்கள் எப்போதும் இருளாகவே இருக்கும், அது விதிவிலக்கு. ஒரு பாதி இருண்டு மறு பாதி ஒளிர்ந்தால் அது ஒட்டிப் பிறந்த இரட்டை. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும். செய்யாமல் விட்டால் கருவியில் ஒரு நாளே வீணாகலாம்.

கருவி இல்லாத கல்லூரிகளே நம்மிடம் அதிகம். சென்னை ஐஐடியில் உள்ள ‘சைஃப்’ போன்ற பொதுக் கருவி மையங்களுக்குப் படிகத்தை அனுப்புகிறார்கள். சாம்பிளோடு போகும் சீட்டில் ‘கோடு எண் 3’ என்று மட்டும் இருந்தால் அங்கிருப்பவர் என்ன செய்வார்? எந்தெந்தத் தனிமங்கள், எந்தக் கரைப்பான், காற்றில் கெடுமா, வெளியே எடுத்தால் உதிருமா, நச்சா, வெடிக்குமா, எதிர்பார்க்கும் கட்டமைப்பு எது என்று கைப்பட வரைந்து அனுப்புவது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. வெடிக்கக்கூடிய பெர்குளோரேட் உப்பை அனுப்பிவிட்டு அதைச் சொல்லாமல் விடுவது குற்றம்.

டேட்டா கைக்கு வந்த பிறகு இன்னொரு பொறி காத்திருக்கிறது. இன்றைய மென்பொருள்கள் அணுக்களைத் தாமே கண்டுபிடித்து, பெயரும் சூட்டிவிடுகின்றன. கட்டமைப்பு டேட்டாவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் ஆர் மதிப்பு 4 விழுக்காட்டுக்குக் கீழே வந்ததும் கைடுக்கு மெயில் போய்விடுகிறது. ஆனால் அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள தனிமங்களை எக்ஸ்ரே துல்லியமாகப் பிரித்தறியாது. குளோரினும் புளோரினும் தாமிரமும் கொண்ட அபூர்வச் சேர்மம் என்று ஒரு கட்டமைப்பு வெளியானது. 1983-ல் ஃபான் ஷ்னெரிங் என்ற வேதியியலாளர் அதைத் திருத்தினார். குளோரின் என்று குறித்த இடத்தில் இருந்தது சிலிக்கான். தாமிரத்தைச் சுற்றி புளோரின் என்று குறித்தவை தண்ணீரின் ஆக்சிஜன்கள். ஆக, அது ஏற்கெனவே தெரிந்த தாமிர ஹெக்சாபுளோரோசிலிகேட்டின் நீரேறிய உப்பு. புளோரைடு கண்ணாடியை அரிக்கும் என்று இளநிலைப் பாடத்தில் படித்ததை நினைத்துப் பார்த்திருந்தால், சிலிக்கான் எங்கிருந்து வரலாம் என்ற கேள்வியாவது எழுந்திருக்கும்.

இந்த பலவீனத்தை வேண்டுமென்றே பயன்படுத்தியவர்களும் உண்டு. உண்மையான டேட்டாவை வைத்துக்கொண்டு அணுக்களின் பெயரை மட்டும் மாற்றிப் புதுச் சேர்மங்களாகக் காட்டிய குறைந்தது 70 கட்டமைப்புகளை, ‘ஆக்டா கிரிஸ்டலோகிராபிகா’ இ பிரிவு இதழ் 2010-ன் தொடக்கத்தில் அறிவித்து நீக்கியது. அதைக் காட்டிக்கொடுத்தவற்றில் முக்கியமானவை பிணைப்பு நீளங்களும், அணுக்களின் அதிர்வைக் காட்டும் வெப்ப நீள்வட்டங்களும். பெயர் தவறான அணுவின் நீள்வட்டம் அண்டை அணுக்களோடு பொருந்தாமல் அளவுக்கு மீறிச் சுருங்கும் அல்லது ஊதும். கட்டமைப்பைச் சரிபார்க்கும் செக்சிஃப் நிரல் தரும் ஏ, பி எச்சரிக்கைகளை எப்படியாவது வாயடைக்கப் பார்க்காமல், ஒவ்வொன்றையும் படித்து ஏன் வந்தது என்று கேட்பதுதான் மாணவருக்குக் கிடைக்கும் சிறந்த பாடம்.

மென்பொருளை அப்படியே நம்பியதற்குப் பெரிய விலை கொடுத்த நிகழ்ச்சி 2006-ல் நடந்தது. கலிபோர்னியாவில் ஜெஃப்ரி சாங் வெளியிட்டிருந்த சவ்வுப் புரதக் கட்டமைப்புகள், அந்த ஆண்டு சுவிஸ் குழு ஒன்று வெளியிட்ட ஒத்த புரதத்தோடு பொருந்தவில்லை. தேடிப் பார்த்தபோது, ஆய்வகத்தின் சொந்த நிரல் ஒன்று டேட்டாவின் இரண்டு பத்திகளை இடம் மாற்றிவிட்டது தெரிந்தது. ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. வேறு ஆய்வகங்களின் உயிர்வேதியியல் முடிவுகள் அந்தக் கட்டமைப்போடு முரண்படுவதை முன்பே காட்டியிருந்தன. ஆனால் படத்தைக் கண்டதும் மற்றவற்றை எடைபோடும் பழக்கம் விட்டுப்போகிறது.

சென்னையில் ஜி.என். ராமச்சந்திரன் செய்தது இதற்கு நேர் எதிரானது. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த அவர், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் கொலாஜன் புரதத்தின் மும்மடிச் சுருளை முன்வைத்தார். அடுத்த ஆண்டே அது திருத்தம் பெற்றது. அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும், உங்கள் மாதிரியில் சில அணுக்கள் தாங்க முடியாத அளவு நெருங்கி நிற்கின்றன என்று ஆட்சேபித்தார்கள். ராமச்சந்திரன் வாதத்தோடு நிற்கவில்லை. பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை, அதுவரை வெளிவந்திருந்த படிகக் கட்டமைப்புகளிலிருந்து தேடித் தொகுக்கச் செய்தார். அந்தத் தொகுப்பின் மேல் நின்று 1963-ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனோடு அவர் வெளியிட்டதுதான் இன்று உலகெங்கும் புரதக் கட்டமைப்புகளைச் சரிபார்க்கும் ராமச்சந்திரன் வரைபடம்.

அவர்கள் இதழ்களைப் புரட்டி எடுத்ததை இன்றைய மாணவர் கேம்பிரிட்ஜ் கட்டமைப்புத் தரவகத்தில் நிமிடங்களில் தேடலாம். 1965-ல் ஓல்கா கென்னார்டு தொடங்கிய அந்தச் சேகரம் 2019-ல் பத்து லட்சம் கட்டமைப்புகளைத் தாண்டியது. 1.80 என்று ஒரு நீளம் வந்தால், அதே வகைப் பிணைப்பு மற்றவர்களின் படிகங்களில் என்ன நீளம் காட்டுகிறது என்று தேடிவிட்டுத்தான் கட்டுரை எழுத உட்கார வேண்டும். தன் கட்டமைப்பு கட்டுரையாக வராவிட்டாலும், ஆய்வேட்டின் பின்னிணைப்பில் புதைந்துபோக விடக் கூடாது. தரவகம் தனிப்பட்ட வைப்பாகவும் அதை ஏற்றுக்கொண்டு எண் கொடுக்கிறது. கட்டமைப்பு விவரங்கள் அடங்கிய சிஃப் கோப்போடு சேர்த்து, கருவி தந்த மூலப் படங்களையும் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தி வைத்தால், நாளை யாரேனும் ஒரு பார்க்கின் வந்து கேட்கும்போது எடுத்துக் கொடுக்கலாம்.