ரெண்டு காஸ்டிங்

காயலான் கடைக்குப் போடலாம் என்று மூலையில் ஒதுக்கி வைத்திருக்கும் பழைய சீலிங் ஃபேனின் மூடியையோ, உடைந்த கதவுக் கைப்பிடியையோ எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அங்கங்கே வட்ட வட்டமாய், அந்தக் கால நாலணா சைஸிலோ அதைவிடச் சின்னதாகவோ தடம் இருக்கும். ஓரத்தைச் சுற்றி மெலிதாக ஒரு கோடு ஓடும். ஒரு இடத்தில் மட்டும் எதையோ ஒடித்து எடுத்துவிட்டு அரத்தால் தேய்த்த மாதிரி இருக்கும்.

இதெல்லாம் அந்த வஸ்துவின் பிறந்த அடையாளங்கள். அது டைகாஸ்டிங்கில் பிறந்தது என்பதற்கு அத்தாட்சி.

பி.காம். படித்தவனுக்கு 'காஸ்டிங்' என்றால் மூன்றாம் வருஷம் படுத்தி எடுத்த ஒரு பேப்பர். அடக்க விலைக் கணக்கு. என் மாமாவுக்கு 'காஸ்டிங்' என்றால் உருக்கி ஊற்றுவது. தமிழில் எழுதினால் ரெண்டும் ஒன்றுதான். தொழிலில் ரெண்டும் ஒன்றுதான் என்பது போன வருஷம்தான் தெரிந்தது.

மாமாவுக்குக் கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறை. ரெண்டு டைகாஸ்டிங் மெஷின், ஒரு உலை, பன்னிரண்டு ஆட்கள். மாசக் கடைசியில் போய் ஜி.எஸ்.டி. கணக்கு பார்த்துக் கொடுப்பது என் கைங்கர்யம். சம்பளம் கிடையாது. அத்தையின் அரிசி பருப்பு சாதம் உண்டு.

பெரியது 250 டன் மெஷின். அது மெஷினின் எடை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லையாம். டை என்கிற இரும்பு அச்சு ரெண்டு பாதியாக இருக்கும். அந்தப் பாதிகளை வாய் பிளக்காமல் இறுக்கிப் பிடிக்கும் பலம்தான் 250 டன். அவ்வளவு எதற்கு? உருகிய அலுமினியம் 650 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டு, சில நூறு 'பார்' அழுத்தத்தில் உள்ளே பாய்கிறது. (உங்கள் கார் டயரில் இருப்பது ரெண்டு சொச்சம் பார்.) உள்ளே நுழையும் வாசலில் அதன் வேகம் நொடிக்கு 30 முதல் 60 மீட்டர். மணிக்கணக்கில் பெருக்கினால் 108 முதல் 216 கிலோ மீட்டர்! எந்த வேகப்பந்து வீச்சாளரும் 216-ஐ நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கண் இமைப்பதற்குள் அச்சு நிரம்பிவிடும். சில நொடி குளிர்ந்ததும் டை திறக்கும். பின்னாலிருந்து கம்பிகள் வந்து பீஸை வெளியே தள்ளும். அந்த வட்டத் தடங்கள் இந்தக் கம்பிகள் குத்தியவைதான்.

இவ்வளவு வேகமாய் உள்ளே போவதால் ஒரு சங்கடம். கூடவே காற்றும் மாட்டிக்கொள்ளும். பட்டறை பாஷையில் 'புளோ ஹோல்'. மாமாவின் ரத்த அழுத்தத்துக்குக் காரணம் உப்பு என்கிறார் டாக்டர். புளோ ஹோல் என்கிறாள் அத்தை.

* * *

தெருவிளக்கு தயாரிக்கும் கம்பெனி ஒன்று (பேர் வேண்டாம்) எல்.ஈ.டி. விளக்குக்கு அலுமினியக் கூடு கேட்டது. கம்பெனி செலவில் நாலு லட்ச ரூபாய்க்கு டை. வெளியே தள்ளுபவன் என்கிற முறையில் மாமா டிராயிங்கைப் பார்த்தவுடனேயே முகம் சுளித்தார்.

''டிராஃப்ட்டே இல்லியே மாப்ளே!''

''பாங்க்கிலே எடுத்தாப் போச்சு மாமா'' என்றேன் நான்.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ''உள்ளே போயி உங்கத்தைகிட்ட இட்லித் தட்டு வாங்கிட்டு வா'' என்றார்.

இட்லிக் குழி ஏன் கிண்ணம் மாதிரி சரிந்திருக்கிறது? டம்ளர் மாதிரி செங்குத்தாக இருந்தால் இட்லி வருமா? பாதி வரும், பாதி தட்டிலேயே வாசம் பண்ணும். டைகாஸ்டிங்கிலும் அதே கதைதான். அலுமினியம் குளிரும்போது சுருங்கி அச்சின் உள்பாகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுவருக்கு ஒன்று, ரெண்டு டிகிரியாவது சரிவு வேண்டும். அதுதான் டிராஃப்ட். தட்டில் எண்ணெய் தடவுகிற மாதிரி ஒவ்வொரு தடவையும் டையில் மருந்து அடிப்பார்கள். ஆனால் சரிவு இல்லாத குழிக்கு ஒரு டின் எண்ணெய் ஊற்றினாலும் பிரயோஜனம் கிடையாது.

ரெண்டாவது குற்றம் இன்னும் பெரியது. கூட்டின் சுவர் 3 மில்லி மீட்டர். திருகு மாட்டுகிற நாலு மூலையிலும் 14 மில்லி மீட்டரில் கெட்டியாக நாலு தூண். இந்தத் தூணுக்குப் பேர் 'பாஸ்'. (முதலாளி மாதிரிதான். தான் மட்டும் தடியாய் இருந்துகொண்டு சுற்றியிருப்பவர்களுக்குத் தொல்லை.)

''வடைக்கு நடுவுல ஓட்டை எதுக்குங்கற?'' என்றார் மாமா, உபன்யாசத்தின் அடுத்த கட்டமாக.

நடுவில் ஓட்டை இல்லாவிட்டால் ஓரம் வெந்து நடு மாவாக நிற்கும். இங்கே அதன் தலைகீழ். மெல்லிய சுவர் முதலில் இறுகிவிடும். தடித்த தூணின் வயிற்றில் மட்டும் உலோகம் இன்னும் குழம்பாகவே இருக்கும். அது கடைசியில் சுருங்கும்போது ஈடுகட்டப் புது உலோகம் வர வழியில்லை. உள்ளே பொந்து விழும். ஆகவே தடித்த இடத்தைக் குடைந்து சன்னமாக்கு, பலம் வேண்டுமென்றால் பின்னால் விலா எலும்பு மாதிரி பட்டை கொடு, எல்லா இடமும் ஒரே கனமாய் வை. டைகாஸ்டிங் டிசைனின் சாரம் இவ்வளவுதான். வடை தட்டத் தெரிந்தவருக்கு அரை டிப்ளமா கொடுத்துவிடலாம்.

மாமா இதை போனில் கம்பெனிக்குச் சொன்னார். ''லுக் கெட்டுடும் சார், டிராயிங் அப்ரூவ் ஆயிடுச்சு'' என்று பதில் வந்தது. எழுத்தில் எதுவும் இல்லை.

* * *

ஆயிரம் பீஸ் போனது. பீஸ் 210 ரூபாய்.

இங்கே ஃபினிஷிங் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெஷினிலிருந்து வருவது பொருள் அல்ல, பிரசவ அறைக் குழந்தை. கூடவே ரன்னர் என்கிற கால்வாய், வழிந்தது, பிதுங்கியது எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊற்றுவாயில் மிஞ்சி நிற்கும் உருண்டைக்கு 'பிஸ்கட்' என்று பேர். தின்ன முடியாது, திரும்ப உலைக்குத்தான். இவற்றை பிரஸ்ஸில் வெட்டி எடுத்தபின் பிசிறு எடுக்கும் படலம். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து அரத்தால் ஓரம் ஓரமாய்த் தேய்ப்பார்கள். கூலி பீஸ் கணக்கு. பிறகு பொடி இரும்புக் குண்டுகளை வீசி மேலே ஒரே மாதிரியாக்கும் ஷாட் பிளாஸ்டிங். அப்புறம் பவுடர் கோட்டிங்.

பவுடர் கோட்டிங் என்றால் பவுடரைப் பூசி சுமார் 200 டிகிரி அடுப்பில் வேகவைப்பது. அங்கேதான் வந்தது வினை. சுவருக்குள் ஒளிந்திருந்த காற்று சூட்டில் உப்பி, மேல் தோலைத் தூக்கிக்கொண்டு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. அப்பளம் தோற்றது. சில கூடுகளில் திருகுத் துளை போட்டபோது தூணின் பொந்து பல்லிளித்தது. டைகாஸ்டிங்கின் மேல் தோல்தான் கெட்டி. அதை ஆழமாகச் சீவினால் உள்ளே இருக்கிற குட்டு வெளிப்படும். மனிதர்கள் மாதிரியேதான்.

52 நாள் கழித்து டெபிட் நோட் வந்தது. 380 பீஸ் ரிஜக்ட். 380 இன்ட்டு 210, ரூ.79,800. பவுடர் கோட்டிங் செலவு பீஸுக்கு 45 வீதம் ரூ.17,100. ஆக மொத்தம் ரூ.96,900 பில்லில் கழிக்கப்படும்.

இப்போது என் காஸ்டிங் மூளை விழித்துக்கொண்டது. மாமாவுக்கு பீஸுக்கு நிற்கிற லாபம் 12 ரூபாய். 96,900-ஐ 12-ஆல் வகுத்தேன். இந்த நஷ்டத்தை லாபத்திலிருந்து அடைக்க 8,075 பீஸ் நல்லதாக ஊற்ற வேண்டும். கெட்ட பீஸை உருக்கினால் அலுமினியம் திரும்பும். கரண்ட்டும் கூலியும் திரும்பாது.

''மாமா, 2006-ல வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்குல குறை இருந்தா பதினஞ்சு நாளைக்குள்ள எழுத்துல சொல்லணும். இல்லேன்னா ஏத்துக்கிட்டதாத்தான் கணக்கு. பணத்தை அதிகபட்சம் 45 நாள்ல குடுக்கணும். தாமதமானா பாங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி!''

மாமா பொறுமையாகக் கேட்டார். ''சட்டம் நல்லாத்தான் இருக்கு. கேஸ் போட்டம்னா அடுத்த ஆர்டர் உங்கொப்பனா குடுப்பாரு?''

சின்ன மெஷினை விற்றுவிடலாமா என்று அன்று ராத்திரி அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தது திண்ணையில் படுத்திருந்த எனக்குக் கேட்டது. அந்த மெஷினில் நாலு பேருக்குச் சம்பளம்.

* * *

மறுநாள் மாமா சண்டைக்குக் கிளம்பவில்லை. ரிஜக்ட் கூடு ஒன்றை வைஸில் மாட்டி, ஆக்ஸா பிளேடால் தூணுக்குக் குறுக்கே அறுத்தார். வெட்டு முகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் புறப்பட்டார். நானும் ஃபைலுடன் ஒட்டிக்கொண்டேன்.

டிராயிங் போட்டது ஒரு இளம் பெண். படித்து முடித்து ரெண்டு வருஷம் இருக்கும். மாமா எதுவும் பேசாமல் அறுத்த துண்டை மேஜை மேல் வைத்தார். மெல்லிய சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. தூணின் நடுவில் மட்டும் எறும்புப் புற்று.

அந்தப் பெண் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்ப்யூட்டர் திரையில் எல்லாத் தூணும் உள்ளே கெட்டியாகத்தான் இருக்கும். அறுத்துப் பார்க்க வழியில்லை.

''சார், உங்க ஷாப்பை வந்து பார்க்கலாமா?''

''வாங்க அம்மிணி. மத்தியானம் சாப்பாடும் அங்கயே.''

வந்தார். நாலு மணி நேரம் மெஷின் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு தடவையும் ஒட்டிக்கொண்ட பீஸை ஆள் குறடு போட்டுப் பிடுங்குவதைப் பார்த்தார். பிசிறு எடுக்கும் இடத்தில் உட்கார்ந்து தானே ஒரு கூட்டைத் தேய்த்தார். அவர் வடிவமைத்திருந்த கூர்மையான மூலை ஒவ்வொன்றும் தேய்ப்பவர் விரலைப் பதம் பார்க்கிறது என்பது அப்போது தெரிந்தது.

பத்து நாளில் புது டிராயிங். சுவருக்கும், சூடு இறங்குவதற்கான வரிவரிப் பட்டைகளுக்கும் ஒன்றரை டிகிரி சரிவு. தூணின் வயிற்றைக் குடைந்து, பக்கத்தில் பட்டை. மூலைகள் எல்லாம் வளைவு. தள்ளுகம்பித் தடங்கள் வெளியே தெரியாத உள்பக்கத்தில். கீழே 'மாற்றம்: வார்ப்பு வசதிக்காக, வடிவமைப்புத் தரப்பில்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழ் அவர் கையெழுத்து.

அந்த ஒரு வரிக்காக அவர் தன் மேலாளரிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று அவரும் சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை. அதைக் காட்டித்தான் டெபிட் நோட்டைப் பாதியாகக் குறைக்க முடிந்தது. மீதிப் பாதி ரூ.48,450 மாமா தலையில். சின்ன மெஷின் தப்பித்தது.

* * *

2020-ல் டெஸ்லா கம்பெனி 6,000 டன் ரக மெஷினை நிறுத்தி, முன்பு எழுபது துண்டுகளாகச் செய்துகொண்டிருந்த காரின் பின் அடிப்பாகத்தை ஒன்றிரண்டு வார்ப்பில் முடிக்க ஆரம்பித்தது. உலகமே மூக்கில் விரல் வைத்தது. மாமாவிடம் சொன்னேன். ''அத்தாச்சோட்டுக்கும் டிராஃப்ட் வேணுமில்ல?'' என்று மட்டும் கேட்டார். வேண்டும். 250 டன்னுக்கும் 6,000 டன்னுக்கும் சட்டம் ஒன்றே. உலோகம் சுருங்கும், காற்று ஒளியும், தடித்த இடம் கடைசியில் ஆறும்.

என் பாடப்புத்தகக் காஸ்டிங்கில் மூலப்பொருள், கூலி, மேற்செலவு என்று மூன்று தலைப்பு. டிராயிங் போடுகிறவர் பென்சிலை வைக்கும் நிமிஷத்திலேயே மூன்றும் முடிவாகிவிடுகிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. கோடு நேராக வந்தால் பிடுங்குகிற ஆளின் தோள் வலிக்கிறது, சாய்வாக வந்தால் பீஸ் தானே விழுகிறது. ஆனால் பில்லில் அந்தக் கோட்டுக்கு ஒரு கலம் கிடையாது.

புது லாட் ஆயிரத்தில் 34 ரிஜக்ட். கம்பெனியிலிருந்து பாராட்டு மெயில் வருவதற்கு முன்பே விஷயத்தைக் கண்டுபிடித்தவர், இருபது வருஷமாகப் பிசிறு எடுக்கும் அம்மா ஒருவர்தான்.

''என்னங்க இது, அரமே தேயமாட்டேங்குது?'' என்று மாமாவைக் கேட்டார். முன்பு மாலைக்குள் 90 கூடு முடிப்பவர், அன்று 140 முடித்திருந்தார். கூலி பீஸ் கணக்கு என்று முன்னமே சொன்னேன் இல்லையா? சனிக்கிழமை சம்பளக் கணக்கு போட்டது நான்தான். கூட்டல் சரியாக இருக்கிறதா என்று அந்த அம்மா ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முந்தானையில் முடிந்துகொண்டார்.