என்ஜின் பெரிதானால் போதுமா?

வீட்டில் ஒரு பழைய ஜீப் நிற்கிறது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. காலையில் கிளப்பினால் நீலப் புகை கக்குகிறது. மேட்டைக் கண்டால் மூச்சு வாங்குகிறது. என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

அப்போது ஓர் ஆசை எழுகிறது. "பிரிப்பது பிரிக்கிறோம். முன்னைவிடப் பெரிதாகவே செய்துவிட்டால் என்ன?" என்று மகன் கேட்கிறான். "இருக்கிற பணம் கொஞ்சம். வண்டி தினமும் ஓடினால் போதாதா?" என்று தாய் கேட்கிறாள்.

இந்த வழக்கில் தாயின் கட்சியே சரி. அது ஏன் என்பதை மகனும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிழைப்பு நடத்தும் வண்டி

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிப் பக்கம் போனால் மலையும் காடும் எதிர்ப்படும். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்குப் போகும் பாதைகளில் கல்லும் பள்ளமும் உண்டு. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டிக்கு அங்கே தனி மதிப்பு. கேழ்வரகு மூட்டை அதில்தான் சந்தைக்கு வரும். தக்காளிக் கூடையும் அதில்தான் இறங்கும். நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால், முதலில் கதவைத் தட்டுவது ஜீப் வைத்திருப்பவர் வீட்டில்தான்.

அந்த வீட்டுக்கு ஜீப் விளையாட்டுப் பொருள் அல்ல. அது பிழைப்பு. யானை நடமாடும் காட்டுப் பாதையின் நடுவே அது நின்றுவிட்டால், 'என் என்ஜின் எவ்வளவு பெரியது தெரியுமா?' என்று பெருமை பேசிப் பயன் இல்லை!

சி.சி. என்றால் என்ன?

சைக்கிள் பம்பைப் பார்த்திருப்பீர்கள். குழாய்க்குள் ஒரு தண்டு மேலும் கீழும் போகும். என்ஜினில் அந்தக் குழாய்க்குப் பெயர் சிலிண்டர். உள்ளே போய்வருவது பிஸ்டன். பிஸ்டன் ஒருமுறை நகரும்போது அடைக்கும் இடத்தை எல்லாச் சிலிண்டர்களுக்கும் கூட்டினால் வரும் கணக்கே சி.சி.

இதைப் பெருக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குழாயை அகலமாக்குவது. இதைப் பட்டறையில் 'போரிங்' என்பார்கள். மற்றொன்று, பிஸ்டன் போய்வரும் தூரத்தை நீட்டுவது. அதற்குக் கிராங்க் ஷாப்டையே மாற்ற வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இரண்டாம் உலகப் போரில் புகழ் பெற்றது வில்லிஸ் ஜீப். 1940-களின் கடைசியில் மகிந்திரா நிறுவனம் அதை நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த ஜீப்பின் பெட்ரோல் என்ஜினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டமும் 79.4 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரம் 111.1 மில்லிமீட்டர். மொத்தம் 2,199 சி.சி.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ஒரு மில்லிமீட்டர் அகலமாக்கினால் என்ன கிடைக்கும்? ஏறத்தாழ 2,255 சி.சி. கூடுதல் வெறும் 56 சி.சி.தான்! நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை.

ஓசூர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட சுமார் எட்டு சதவீதம் குறைவு. பழைய ஜீப்பின் என்ஜின் தானாக இழுக்கும் காற்றை நம்பியே வாழ்வது. காற்று குறைந்தால் பலமும் குறையும். ஆக, கடைந்து கிடைத்ததைப் போல் மூன்று மடங்கை ஓசூர் மேடு ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

தேய்மானத்தைச் சரிசெய்யக் கடைவது அவசியம். பலம் கூடும் என்று நம்பிக் கடைவது ஏமாற்றம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம்

'அப்படியானால் இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கடையலாமே?' என்று சிலர் கேட்பார்கள்.

சிலிண்டரைச் சுற்றி இருப்பது வார்ப்பிரும்புச் சுவர். அதற்கு அப்பால் தண்ணீர் ஓடும் வழி. கடையக் கடையச் சுவர் மெலியும். மெலிந்த சுவர் சூட்டில் கோணும். கோணினால் ரிங் சரியாகப் பதியாது. ஆயில் எரியும். விரிசல் கண்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். அதோடு பிளாக்கே பாழ்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். சுவரைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சித்திரத்துக்கு எங்கே போவது? அளவுக்கு மேல் தேய்ந்த பிளாக்கானால், உள்ளே ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவருவது புத்திசாலித்தனம்.

பெரிதாக்கியவர்கள் இல்லையா?

உண்டு. அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை ஜீப்புகளில் வந்த 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜின் பெயர் பெற்றது. அதற்கு முன்பே இருந்த 4.2 லிட்டர் என்ஜினின் நீண்ட வீச்சுக் கிராங்க் ஷாப்டை அதில் பொருத்தி, 4.5, 4.6 லிட்டர் வரை பெருக்குகிறவர்கள் அங்கே நிறையப் பேர்.

இன்டர்நேஷனல் டிராக்டர்களிலும் இப்படி ஒரு கதை உண்டு. பி-275 டிராக்டரின் டீசல் என்ஜின் சுமார் 2,350 சி.சி. பின்னர் வந்த பி-414 டிராக்டரில் அது சுமார் 2,523 சி.சி. பிஸ்டன் நகரும் தூரம் இரண்டிலும் 101.6 மில்லிமீட்டர். சிலிண்டரின் விட்டம் மட்டும் 85.7-லிருந்து 88.9 மில்லிமீட்டர் ஆயிற்று. மகிந்திரா ஜீப்புகளில் பின்னாளில் வந்த 2,523 சி.சி. டீசல் என்ஜினுக்கும் இதே அளவுதான்.

ஆகவே, பெரிதாக்குவதே குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தொழிற்சாலை ஒரு என்ஜினைப் பெரிதாக்கும்போது சுவரின் கனம், தண்ணீர் வழி, பிஸ்டன், டீசல் அளவு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. பல மாதம் ஓட்டிச் சோதிக்கிறது. ஒரு குடும்பத்தால் அது ஆகுமா? சோதனை நடக்கும் மாதங்களில் கேழ்வரகு மூட்டையை யார் சுமப்பது?

பலம் கூடினால் சூடும் கூடும். கிளட்சுக்குப் பளு. கியர் பெட்டிக்குப் பளு. விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வேண்டும்.

மூச்சு சீரானால் பலம் வரும்

அளவைக் கூட்டாமலே பலத்தைக் கூட்டிய கதையும் ஜீப்பிலேயே இருக்கிறது. போர்க்கால ஜீப்பின் என்ஜினுக்குக் குதிரை சக்தி 60. பிறகு அதே விட்டம், அதே நீளம் வைத்துக்கொண்டு, காற்று நுழையும் வால்வை மட்டும் பக்கத்திலிருந்து தலைக்கு மாற்றினார்கள். குதிரை சக்தி சுமார் 70 ஆனது. தலை உயர்ந்துவிட்டதால், 1953-ல் வந்த சி.ஜே.3பி ஜீப்புக்குப் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. நம் நாட்டுச் சாலைகளில் பல ஆண்டுகள் ஓடிய உயர்ந்த மூக்கு ஜீப் அதுதான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. வயிறு பெருத்தால் பலம் வந்துவிடாது. மூச்சு சீராக வேண்டும். வால்வு நன்றாக உட்கார வேண்டும். கார்பரேட்டர் சுத்தமாக இருக்க வேண்டும். பற்றவைக்கும் நேரம் பிசகக் கூடாது. இவை சரியானாலே, இழந்த பலத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

மூன்று எதிரிகள்

தினமும் ஓடும் என்ஜினுக்கு எதிரிகள் மூன்று.

முதல் எதிரி புழுதி. செம்மண் தூசி கண்ணுக்கு மிருதுவாகத் தோன்றும். சிலிண்டருக்குள் அது உப்புத்தாள். ஏர் பில்டரைச் சுத்தம் செய்யாமல் புது பிஸ்டன் போடுவது, கூரையைப் பிரித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வெள்ளை அடிப்பது போல. பில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் சிறு வெடிப்பு இருந்தாலும் போதும். அத்தனை செலவும் வீண்.

இரண்டாவது எதிரி சூடு. மலை ஏறும்போது வண்டி மெதுவாகப் போகும். என்ஜினோ வேகமாகச் சுற்றும். எதிர்க்காற்று கிடைக்காது. ரேடியேட்டரும் விசிறியும்தான் காப்பாற்ற வேண்டும். போர்க் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதை எல்லாத் தாய்மார்களும் பார்த்திருப்பார்கள். அதே படிவுதான் ரேடியேட்டரையும் அடைக்கிறது. ஆகவே என்ஜின் வேலையோடு ரேடியேட்டரையும் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு கூலன்ட் கலந்த நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும்.

மூன்றாவது எதிரி ஆயில் பஞ்சம். கிராங்க் ஷாப்ட் தேய்ந்து நீள்வட்டமாகி இருந்தால் ஆயில் நிற்காது, வழிந்து போகும். அழுத்தம் விழும். அதைக் கிரைண்டிங் செய்து, குறைந்த அளவுக்குத் தகுந்த பேரிங் போட வேண்டும். ஆயில் பம்பையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

பெரிய பிஸ்டனுக்குப் போகும் பணத்தை இந்த மூன்றிலும் போட்டால் வண்டி தினமும் காலையில் கிளம்பும்.

அளந்து சொல்லுங்கள்

ஓசூர் இன்று இயந்திர ஊர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-ல் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலை வந்தது. டி.வி.எஸ். மொபெட்டும் அதே காலத்தில் இங்கிருந்து புறப்பட்டது. இவற்றுக்கு உதிரிப் பாகம் செய்யும் சிறு பட்டறைகள் பெருகின. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஒலிக்கும் அந்தப் பட்டறைகளில், எல்லோரும் பேசும் நான்காவது மொழி ஒன்று உண்டு. அது மைக்ரோமீட்டர் காட்டும் அளவு.

பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ இதைச் சொல்ல முடியாது. சிலிண்டரின் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில் அளக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் நெடுக்கிலும் குறுக்கிலும் அளக்க வேண்டும்.

இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் எல்லாப் பட்டறைகளிலும் வர வேண்டும். கடைவதற்கு முன் என்ன அளவு? கடைந்த பின் என்ன அளவு? கிராங்க் ஷாப்ட் எவ்வளவு குறைந்தது? எந்த அளவு பிஸ்டன் போட்டது? நான்கு வரி போதும். மருத்துவர் ரத்தப் பரிசோதனைத் தாள் கொடுக்கிறார். தையற்காரரும் அளவு எழுதி வைத்துக்கொள்கிறார். பல மாத வருமானத்தை விழுங்கும் வேலைக்கு வாய்ச்சொல் மட்டும் போதுமா?

இதில் பட்டறைக்காரருக்கு அவமதிப்பு இல்லை. நல்ல தொழிலாளிக்கு அந்தத் தாளே நற்சான்று. அரைகுறை வேலை செய்பவர்தான் அதைக் கண்டு முகம் சுளிப்பார். குடும்பக் கணக்கு பார்க்கும் பெண்கள் துணிந்து கேட்கலாம். "சத்தம் எப்படி இருக்கிறது?" என்று கேட்பதைவிட, "அளவு என்ன?" என்று கேட்பது மேல்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம்

வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண்ணும் சி.சி. அளவும் பதிவாகி இருக்கும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. வேறு என்ஜின் வைப்பதானால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டு, அனுமதி பெற்றுத்தான் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நேரும் நாளில் இன்சூரன்ஸ் கேள்விக்குறியாகிவிடும். மலைப்பாதையில் ஆட்களை ஏற்றிப் போகும் வண்டிக்கு அது சிறிய ஆபத்தா?

எது வீரம்?

புதுப்பித்த என்ஜினை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது. பாரம் குறைவாக, வேகம் மிதமாக ஓட்ட வேண்டும். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். புது ரிங்கும் புதுச் சுவரும் ஒன்றோடு ஒன்று பழகும் காலம் அது. இந்தப் பொறுமை இல்லாதவர் எத்தனை சி.சி. கூட்டினாலும் பயன் இல்லை.

இளைஞர்களுக்குப் பெரிய என்ஜின் மேல் ஆசை இருப்பதில் வியப்பில்லை. வேகத்தை மெச்ச ஆள் கூடும். நின்று போகாமல் ஓடுவதைக் கைதட்டி மெச்ச யாரும் வருவதில்லை. ஆனால் மழை பெய்யும் இரவில், மலையூரில் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் வலியோடு காத்திருக்கும்போது, சாவியைத் திருப்பியதும் கிளம்புகிற வண்டிதான் பெரிய வண்டி.