டாக்டர் பட்டமும் பிழைப்பும்

சர்வகலாசாலையில் ஐந்தாறு ஆண்டுகள் அரும்பாடுபட்டு ஆராய்ச்சி செய்து, டாக்டர் பட்டத்துடன் ஊர் திரும்பும் வாலிபனை நோக்கி ஊரார் கேட்கும் முதற் கேள்வி, ‘இனி என்ன உத்தியோகம்?’ என்பதே. மேலூர்த் தாலுகாவில் பெரியாற்றுப் பாசனத்தை நம்பி நெல் விளைத்து, அந்த வருமானத்தில் பிள்ளையைப் படிக்க வைத்த குடியானவன் இப்படிக் கேட்பதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அக்கேள்விக்குத் திருப்தியான விடையை ராஜாங்கமும் சொல்லவில்லை, சர்வகலாசாலைகளும் சொல்லவில்லை. ஆகவே பட்டம் பெற்றவர்களும் பொது ஜனங்களும் சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயமாக இது ஆகிவிட்டது.

பட்டம் பெற்றோரில் மிகப் பலர் தம் கண்முன் காண்பது ஒரே வழியைத்தான். கலாசாலை உபாத்தியாயராவதே அவ்வழி. அது உயர்ந்த தொழில் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அதன் வாயிலில் நிற்பவர்களின் நிலை என்ன? ஆராய்ச்சி மாணாக்கருக்கு மானியக் குழு அளிக்கும் உபகாரச் சம்பளம் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். பிற்பகுதி ஆண்டுகளில் 42,000 ரூபாய். அதே மாணாக்கர் பட்டம் பெற்றுச் சர்க்கார் கலாசாலையில் கௌரவ விரிவுரையாளராக அமர்ந்தால், 2024-ஆம் ஆண்டில் அவர் பெற்றது மாதம் 25,000 ரூபாய். கற்கும் காலத்தில் கிடைத்ததைக் காட்டிலும் கற்றுத் தேர்ந்தபின் கிடைப்பது குறைவு! பதவியின் பெயரில் மட்டும் கௌரவம் இருக்கிறது.

விதிகளேனும் நிலையாக இருந்தனவா? சர்வகலாசாலை உதவிப் பேராசிரியர் பதவிக்கு 2021 ஜூலை முதல் டாக்டர் பட்டம் கட்டாயம் என்று 2018-ல் விதித்தார்கள். பிறகு அதை 2023 வரை ஒத்தி வைத்தார்கள். 2023 ஜூலையில் கட்டாயமே இல்லை, தகுதித் தேர்வு போதும் என்றார்கள். முதல் விதியை நம்பி ஆராய்ச்சியில் இறங்கியவர்களுக்கு என்ன சமாதானம்? நமது ராஜ்யத்தில் சர்க்கார் கலாசாலைகளுக்கு 4000 உதவிப் பேராசிரியர்கள் வேண்டும் என்று 2024 மார்ச்சில் விளம்பரம் வந்தது. அவ்வாண்டு முடியும் வரை பரீட்சை நடைபெறவில்லை. அதே ஆண்டில் மதுரை காமராஜ் சர்வகலாசாலையில் வேலையிலிருந்தோரே சம்பளம் கிடைக்கவில்லை என்று கிளர்ச்சி செய்ய நேர்ந்தது. வெளியே நிற்பவனுக்கும் வேதனை, உள்ளே இருப்பவனுக்கும் வேதனை என்பதே கண்ட பலன்.

‘பொறுத்தார் பூமி ஆள்வார், காத்திருந்தால் ஸ்திரமான உத்தியோகம் வந்தே தீரும்’ என்று சில கனவான்கள் உபதேசிக்கிறார்கள். பொறுமை வேறு, வாழ்நாளை விரயம் செய்வது வேறு. காத்திருப்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். இரண்டு ஆண்டுகள் முயன்றும் நிலையான இடம் கிட்டவில்லையானால், டாக்டர் பட்டம் பெற்றவர்கள் வேறு வழியைத் துணிந்து நாட வேண்டும் என்றே நாம் சொல்வோம். பரீட்சை எழுதிச் சர்க்கார் உத்தியோகம் பார்க்கலாம். தொழிற்சாலைகளின் ஆராய்ச்சிச் சாலைகளுக்குப் போகலாம். அயல்நாட்டுச் சர்வகலாசாலைகளில் மேலும் சில காலம் பயிலலாம். இவற்றில் எதுவும் இழிவன்று. ‘டாக்டர் பட்டம் வாங்கியவன் குமாஸ்தா வேலைக்கு மனுப் போடுகிறானே’ என்று நகைப்பவர்கள், அவனுக்கு வேறு வேலை வைத்திருக்கிறார்களா என்பதையும் சொல்ல வேண்டும்.

கலாசாலைப் பதவி இல்லாவிட்டால் கல்வி வீண் என்ற எண்ணம் அடியோடு தவறு. மேலூரை அடுத்த மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் தாங்கிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்களின் பெருமையை விளக்கிய ஐராவதம் மகாதேவன் கலாசாலைப் பேராசிரியரல்லர், ஐ.ஏ.எஸ். உத்தியோகஸ்தர். 1980-ல் அவ்வுத்தியோகத்தை விட்டு விலகினார். அவருடைய பெருநூல் 2003-ல் வெளிவந்தது. மதுரை ஜில்லாவின் மற்றொரு கோடியில் உள்ள கல்லுப்பட்டியில் இறுதிக் காலத்தைக் கழித்த ஜே. சி. குமரப்பாவோ, பம்பாயில் கணக்குத் தணிக்கைத் தொழில் நடத்தியவர். அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் பயின்றவர். இந்தியாவின் வறுமையைப் பற்றி அங்கே அவர் எழுதிய ஆராய்ச்சியை மகாத்மா தமது பத்திரிகையில் வெளியிட்டார். அதன்பின் அவர் சென்றது கிராமக் கைத்தொழில்களுக்கு உயிர் கொடுக்கும் வேலைக்கு. ஒருவர் உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஆராய்ச்சியைக் காத்தார். மற்றவர் வருவாயை விட்டு நாட்டுப் பணியைக் கொண்டார். இருவர் கல்வியும் வீணாகவில்லை.

எனினும், தனி மனிதர்களின் துணிவையும் தியாகத்தையும் காட்டி ராஜாங்கம் தன் கடமையிலிருந்து நழுவ நாம் இடங்கொடோம். படித்தவர்களுக்கு நாட்டில் வேலை இல்லை என்பது உண்மையன்று. வேலை மலைபோல் கிடக்கிறது; அதற்குப் பதவிதான் இல்லை. மேலூரே இதற்குச் சாட்சி. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலம், இந்த ராஜ்யத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரிய ஸ்தலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2024 நவம்பரில், அந்நிலத்தையும் உள்ளிட்ட சுமார் 2,015 ஹெக்டேர் நாயக்கர்பட்டித் தொகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலத்தில் விடப்பட்டது தெரிய வந்தது. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். டிசம்பர் 9-ல் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் செய்தது. 2025 ஜனவரி 7-ல் விவசாயிகள் மதுரைக்குத் திரண்டு சென்றார்கள். ஜனவரி 23-ல் மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது.

வெற்றி குடியானவர்களுடையது. ஆனால் அவர்கள் கையில் இருந்த ஆதாரங்களைக் கவனியுங்கள். சுமார் 250 வகைப் பறவைகள், 72 ஏரிகள், 200 ஊற்றுக்கள், சமணர் படுக்கைகள், பிராமி எழுத்துக்கள், பாண்டியர் காலக் குடைவரை! இவற்றை எண்ணியும் படித்தும் எழுதியும் வைத்த அறிவு இல்லையேல் 2022 அறிவிப்பு ஏது? ஒவ்வொரு தாலுகாவிலும் இத்தகைய கணக்கு எழுதப்பட வேண்டாமா? ஏரிகளின் நிலையையும், கிணற்று நீரின் ஆழத்தையும், மண்ணின் வளத்தையும், கல்வெட்டுக்களையும் ஆண்டுதோறும் ஆராய்ந்து வைக்க வேண்டாமா? ஆபத்து வந்தபின் அவசரமாகத் தேடுவது புத்திசாலித்தனமாகாது.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, கலாசாலைக் காலியிடங்களை ஆண்டுதோறும் குறித்த காலத்தில் நிரப்ப வேண்டும். அதுவரை கௌரவ விரிவுரையாளருக்கு, மானியக் குழு 2019-ல் வகுத்தபடி மாதம் 50,000 ரூபாய் வரை அளிக்க வேண்டும். இரண்டாவது, நீர், நிலம், உயிரினம், தொல்பொருள் ஆகியவற்றை ஆராய ஒவ்வொரு ஜில்லாவிலும் நிரந்தரமான ஆராய்ச்சிப் பதவிகளை ஏற்படுத்த வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு சர்வகலாசாலையும் தன்னிடம் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் பிரசுரிக்க வேண்டும். ஆராய்ச்சியில் சேரவரும் வாலிபர்களும் யுவதிகளும் அதைப் பார்த்துக் கண் திறந்து இறங்கட்டும்.

பணமில்லை என்ற பழைய பல்லவியைச் சர்க்கார் பாடக்கூடும். ஒருவரை ஐந்தாறு ஆண்டுகள் பொதுப் பணத்தில் பயிற்றிவிட்டு, பயிற்சி முடிந்த மறுநாள் தெருவில் விடுவதைக் காட்டிலும் பெரிய பணவிரயம் வேறு உண்டா? விதைத்தவன் அறுக்காமல் வயலை விட்டுப் போவதில்லை. மேலூர்க் குடியானவனுக்குத் தெரிந்த இந்த விஷயம் கோட்டையில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும்.