நீங்கள் கேட்டவை: முடங்கிய வாட்ஸ்அப்புக்கு ‘ப்ராக்ஸி’ கைகொடுக்குமா?

‘‘என் கணவர் ஈரானில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறார். அங்கு வாட்ஸ்அப்பை முடக்கிவிட்டார்கள். ஐ.எஸ்.டி கட்டணம் கட்டுப்படியாகவில்லை. மிளகாய்ப் பழம் பறிக்கும் நேரம். கூலிக்குப் பணம் கேட்கக்கூட வழியில்லை. ‘இந்த ப்ராக்ஸி முகவரியைப் போட்டால் வாட்ஸ்அப் வேலை செய்யும்’ என்று எங்கள் விவசாயக் குழுவில் தகவல் வந்தது. என் போனில் போடலாமா?’’

- வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்.

உங்கள் போனில் போட வேண்டாம். இங்கு வாட்ஸ்அப் முடக்கப்படவில்லை. அது தேவைப்படுவது உங்கள் கணவரின் போனுக்குத்தான்.

மடையை அடைத்துவிட்டால், பக்கத்து வயல் வழியாகத் தண்ணீரைத் திருப்பிக்கொள்வோம் அல்லவா? ப்ராக்ஸியும் அப்படித்தான். முடக்கப்படாத வேறொரு கணினி வழியாக வாட்ஸ்அப்புடன் இணைக்கும். ஈரானில் 2022 செப்டம்பரில் வாட்ஸ்அப் முடக்கப்பட்டது. 2023 ஜனவரியில் இந்த வசதியை வாட்ஸ்அப் நிறுவனமே தன் செயலியில் சேர்த்தது. ஆனால், கண்மாயே வற்றினால் மடை மாற்றிப் பயனில்லை. இன்டர்நெட்டையே துண்டித்துவிட்டால் ப்ராக்ஸி உதவாது.

உங்கள் கணவர் செய்ய வேண்டியது இதுதான்: ஆண்ட்ராய்டு போன் என்றால், வாட்ஸ்அப்பில் ‘செட்டிங்ஸ்’, ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, ‘ப்ராக்ஸி’ என்று வரிசையாகச் செல்ல வேண்டும். ‘யூஸ் ப்ராக்ஸி’யை இயக்கி, முகவரியைப் பதிந்து, ‘சேவ்’ கொடுக்க வேண்டும். இணைப்பு கிடைத்தால் டிக் குறி தெரியும். கிடைக்காவிட்டால் அந்த முகவரியை அழுத்திப் பிடித்து நீக்கிவிட்டு, வேறொன்றைப் போட்டுப் பார்க்கலாம். வாட்ஸ்அப் பழைய பதிப்பாக இருந்தால் இந்த வசதி இருக்காது.

முகவரியை யார் தருகிறார்கள் என்பதுதான் முக்கியம். ப்ராக்ஸி நடத்துபவரால் உங்கள் உரையாடலைப் படிக்க முடியாது. அது பூட்டிய கடிதம்போலத்தான் போகும். ஆனால், போனின் இணைய முகவரி (ஐ.பி) அவருக்குத் தெரியும். அதனால், யாரென்றே தெரியாதவர் குழுவில் போட்டதை நம்ப வேண்டாம். தெரிந்தவர், விவரமறிந்தவர் தரும் முகவரியைக் கணவருக்குச் சாதாரண எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்புங்கள்.

ப்ராக்ஸிக்கு முகவரி மட்டும் போதும். ஓ.டி.பி., வங்கி விவரம், தனிச் செயலி எதுவும் தேவையில்லை. ‘இதையும் கொடுங்கள், அதையும் இறக்குங்கள்’ என்று யாராவது கேட்டால், அது மோசடி. கூலிக்கு வைத்திருக்கும் பணமும் போய்விடும்.