மருந்தை விடுதலும் ஒரு மருத்துவமே

உடம்பிற்கு நோய் வருவது போலவே உள்ளத்திற்கும் நோய் வருமென்பதையும், அதற்கு மருந்துண்டு என்பதையும் இன்று கற்றோர் பலரும் ஒப்புவர். ஆயின், அம்மருந்தை எவ்வாறு விடுவது என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. தொடங்குதற்கு மருத்துவரை நாடுகின்ற நாம், விடுதற்கு மனவுறுதி ஒன்றே போதுமெனக் கருதிவிடுகின்றோம். இக்கருத்துப் பெரும் பிழை என்பதையே ஈண்டு வற்புறுத்த விரும்புகின்றோம்.

நாம் அறிந்த மாணவர் ஒருவர் மனச்சோர்வின் பொருட்டு ஓராண்டிற்கு மேலாக மாத்திரை உண்டுவந்தார். உள்ளம் தெளிந்தது, படிப்பும் செம்மைப்பட்டது. விடுமுறைக்குச் சென்றவிடத்து உறவினர், "நன்றாய்த்தானே இருக்கின்றாய், இன்னும் மாத்திரை எதற்கு?" என்றனர். அவரும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். அதனைக் கேட்ட நாமும் அவர் துணிவைப் புகழ்ந்தோம். நான்கு நாள் கழியுமுன் தலைசுற்றலும் குமட்டலும் தோன்றின, தலையினுள் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற அதிர்ச்சி அடிக்கடி உண்டாயிற்று, உறக்கம் கெட்டது, காரணமின்றிக் கண்ணீர் பெருகிற்று. பழைய நோயே திரும்பிற்றென்றும், வாழ்நாளெல்லாம் இதுவே தம் கதியென்றும் அவர் நம்பினார். மருத்துவர் அதே மாத்திரையை மீண்டும் கொடுக்க, அவ்வல்லல் சில நாளில் அடங்கிற்று. பின்னர்ப் பல திங்களாக அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து அவர் அதனை முற்றும் விட்டார். அவருடைய உறுதியில் குறையொன்றும் இருந்ததில்லை. புகழ்ந்த நம் அறியாமையே குறை.

இதன் காரணம் யாது? நெடுநாள் மருந்துண்டவர் மூளை அம்மருந்திற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கின்றது. மருந்து திடீரென மறையின், அது பழைய நிலைக்கு மீளுதற்குக் காலம் வேண்டும். அவ்விடைக்காலத் துன்பங்களே மருந்து விலகற்குறிகள். அளவு குறைந்த சில நாளில் தோன்றுதலும், முன்பு இல்லாத தலைசுற்றல், மின்னதிர்ச்சி முதலியன கலந்திருத்தலும், மருந்தை மீண்டும் உண்டால் விரைவில் தணிதலும் அவற்றின் இயல்பு. நோய் மீளுதலோ பெரும்பாலும் வாரங்களோ திங்களோ கழிந்து மெல்ல வருவது. முன்னதைப் பின்னதெனக் கொண்டு நம்பிக்கை இழந்தார் பலர்.

குறைக்கும் அளவிலும் ஒரு நுட்பம் உண்டு. அதனை 2019-ஆம் ஆண்டில் மார்க் ஹாரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்னும் மருத்துவ அறிஞர் இருவர் விளக்கினர். சிட்டலோபிராம் என்னும் மருந்தை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் உண்பார்க்கு, மூளையில் அம்மருந்து பற்றும் இடங்களில் நூற்றுக்கு 80 பங்கு நிரம்புகின்றது. 9 மில்லிகிராமாகக் குறைப்பினும் 70 பங்கு நிரம்பியே நிற்கும். 3 மில்லிகிராமிற்குச் சற்று மேற்பட்ட அளவிலும் 50 பங்கு நிரம்பியிருக்கும். ஆகவே, பாதியைக் குறைத்தல் எளிது. கடைசித் துணுக்கை விடுதலே அரிது. மேற்படிகள் குட்டையாகவும் அடிப்படிகள் நெட்டையாகவும் அமைந்த கிணற்றில் இறங்குவோர் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்!

டயஸிபாம் போன்ற அமைதி மருந்துகளை நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தின் வலிப்பும் நேரலாம். நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை இத்தகையோர்க்கென்றே மருத்துவப் பகுதியொன்றை நடத்திய ஹெதர் ஆஷ்டன் அம்மையார், குறைக்கும் வேகம் நோயாளியின் நிலைக்கேற்ப அமைதல் வேண்டுமென்று வற்புறுத்தினார்.

அங்ஙனமாயின் எல்லாரும் மருந்தை விடுக என்கின்றோமோ? அன்று. இங்கிலாந்தில் நடந்து 2021-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், நலம்பெற்றபின் மனச்சோர்வு மருந்தைத் தொடர்ந்து உண்டாருள் நூற்றுக்கு 39 பேரும், நிறுத்தினாருள் 56 பேரும் ஓராண்டிற்குள் மீண்டும் சோர்வுற்றனர். விடுதலில் இடர் உண்டென்பதும், விட்டும் நலமாயிருப்பார் பலர் உளரென்பதும் இதனால் விளங்கும். லித்தியம் போன்றவற்றைத் திடீரென நிறுத்துதலோ பெருங்கேடு விளைக்கலாம். யார் விடலாம், எப்பொழுது விடலாம் என்பதை மருத்துவரும் நோயாளியும் கூடியிருந்து ஆராய்தல் வேண்டும்.

விட முற்படுவார்க்குச் சில கூறுவோம். தேர்வு நெருங்கும் காலத்தில் தொடங்கற்க. ஒருமுறை குறைத்தபின் உடம்பு அமைதியுறும்வரை காத்திருக்க. நாள்தோறும் தோன்றும் குறிகளை எழுதிவைக்க. துன்பம் மிகின் முந்திய அளவிற்கு மீளுதல் பற்றி மருத்துவரைக் கேட்க; அது தோல்வியாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமாயின் அப்பொழுதே அருகிலிருப்பாரிடமும் மருத்துவரிடமும் சொல்லுக.

விடுதித் தோழர்காள்! உறவினரே! "தூக்கி எறி" என்னும் ஒரு சொல்லை விடுத்து, "எவ்வாறு இருக்கின்றாய்?" என்று நாள்தோறும் வினவுவோமாக. பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. மருந்தை விடுதலினும் அது பொருந்துவதாகும்.