கண்ணை மட்டும் விட்டுடுங்க சார்!

கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூட வாசல். ஜூன் மாதம். பையனைச் சேர்க்க வந்த அப்பா, வாத்தியாரிடம் சொல்கிறார்: ‘‘கண்ணை மட்டும் விட்டுட்டு, தோலை உரிச்சிடுங்க சார்!’’ வாத்தியார் சிரிக்கிறார். அப்பாவும் சிரிக்கிறார். பக்கத்தில் நிற்கிற பையன் மட்டும் சிரிக்கவில்லை.

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல்லியும் இருப்பீர்கள். ‘அடியாத மாடு படியாது’ என்று பழமொழி வேறு கைவசம். மாட்டுக்குச் சொன்னதைப் பிள்ளைக்குச் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட நமக்குக் கிடையாது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51-வது விதியை 2003-ல் திருத்தி, பிள்ளைகளின் உடம்பையோ மனசையோ நோகடிக்கக் கூடாது என்று சொல்லியாயிற்று. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவும் அதையேதான் சொல்கிறது. ஆனாலும், பிரம்பு ஓயவில்லை. ஏன்?

பலன் கிடைக்கிறதே! ஓங்கி ஒன்று வைத்ததும் வகுப்பு கப்சிப். அந்த அமைதிதான் அடித்தவருக்குக் கிடைக்கிற மிட்டாய். ருசி கண்ட கை மறுபடி ஓங்கத்தானே செய்யும்? வீட்டில் நம் கையும் அப்படித்தான். பிரம்பு நன்றாகப் பழக்கி வைத்திருப்பது நம்மைத்தான்!

பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? தண்டனை ஒரு பழக்கத்தைக் கொஞ்ச காலம் அமுக்கி வைக்கும், அழிக்காது என்றார் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர். அவ்வளவு தூரம் போவானேன்? கல்வராயன் மலையைப் பாருங்கள். எத்தனை ரெய்டு, எத்தனை ஊறல் அழிப்பு, எத்தனை கைது! காய்ச்சுகிறவர்கள் கற்றுக்கொண்டது, இடத்தை மாற்றுவதைத்தான். பயம் மட்டுமே போதுமென்றால், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்திருக்குமா?

நம் பிள்ளையும் அதைத்தான் கற்கிறது... மாட்டிக்காமல் செய்வது எப்படி?

மலைக்கிராமத்துப் பையனுக்கு இன்னொரு வழியும் உண்டு. அடி விழுகிற இடத்துக்கே போகாமல் இருப்பது! பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போனவன், விடுதிக்குத் திரும்ப மாட்டான். தப்பித்த நிம்மதியே அவனுக்குப் பரிசு. அப்புறம், தோட்ட வேலைக்குக் கேரளா போகிற குடும்பத்தோடு பஸ் ஏறிவிடுவான். ‘மலை ஜனங்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை’ என்று கீழே உட்கார்ந்து நாம் தீர்ப்பு எழுதுவோம்.

‘அப்ப, ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினா சைக்கிள்னு சொல்லிடலாமா?’ என்பீர்கள். அது லஞ்சம்! 1973-ல் அமெரிக்காவில் லெப்பர் என்ற ஆய்வாளரும் அவர் சகாக்களும், ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த மழலையரிடம் ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று ஆசை காட்டினார்கள். கொடுத்தும் முடித்தார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம், மற்ற பிள்ளைகள் வரைந்ததில் ஏறக்குறைய பாதிதான்.

பின்னே, என்னதான் செய்வதாம்? பி.காம். படித்தவன் பாஷையில் சொல்கிறேன். நம் வீட்டுக் கணக்கில் பற்றுப் பக்கம் நிரம்பி வழிகிறது. வரவுப் பக்கம் காலி. பொய் சொன்னால் அறை. ‘கண்ணாடியை நான்தான் உடைச்சேன்’ என்று உண்மை சொன்னால்? அதற்கும் அறை! அப்புறம் எந்தப் பிள்ளை உண்மை சொல்லும்? ‘நீயா வந்து சொன்னே பாரு, அது நல்ல விஷயம். வா, ரெண்டு பேரும் சேர்ந்து கூட்டுவோம்’ என்று சொல்லிப் பாருங்கள். வரவை அப்போதே எழுத வேண்டும். காசு பணம் வேண்டாம். கண்ணும் வாயும் போதும்.

அடுத்த ஜூனில், அதே வாசலில் வாத்தியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: ‘‘தப்பு பண்ணினா என்கிட்ட சொல்லுங்க சார். நல்லது பண்ணினா அவன்கிட்டயே சொல்லிடுங்க!’’

பக்கத்தில் நிற்கிற பையனின் முகத்தை அப்போது பாருங்கள்.